பீரங்கி இழுத்த வண்டி

கம்பி பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்க அந்த இருக்கைத் தகடு பளபளவென்று வெளியே வந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி, ஒஸ்லோவில் மண் தோண்டும் இயந்திரங்களைத் திருத்தும் பட்டறையில் வேலை பார்த்தேன். எங்கள் மேற்பார்வையாளர் ஒரு போலந்துக்காரர். சனிக்கிழமைகளில் பட்டறையின் பின்புறம் ஒரு சின்னச் சங்கிலிச் சக்கர வண்டியைத் திருத்திக்கொண்டிருப்பார். இரண்டாம் உலகப் போருக்கு முன் போலந்து இராணுவம், தன் குட்டிக் கவச வண்டியின் அடிப்பாகத்தை வைத்து, விமான எதிர்ப்புப் பீரங்கிகளை இழுப்பதற்காகச் செய்த வண்டி அது. போரில் அதைப் பிடித்த ஜெர்மன்காரர்கள் நோர்வேக்குக் கொண்டுவந்து விமானத்தளத்தில் இழுவைக்கு விட்டார்களாம். பிறகு ஒரு விவசாயி அதில் மரம் இழுத்திருக்கிறார்.

நானும் கூடமாட உதவினேன். இருக்கையை மட்டும் கடைசியாகப் பார்ப்போம் என்று சொல்லிவந்தார். காரணம் சொன்னதில்லை, சோம்பல் என்றே நான் எடுத்துக்கொண்டேன். ஆயுத பூசை வந்தது. பூசைக்கு முன் ஓர் ஆணிகூட அழுக்காக இருக்கக்கூடாது என்று பழகியவன் நான். அவர் வருவதற்குள் இருக்கையைக் கழற்றி, அடித் தகட்டைத் தேய்த்துக் கழுவி, சந்தனமும் குங்குமமும் வைத்து, பாராட்டுக்காகக் காத்து நின்றேன்.

வந்தவர் வெகுநேரம் தகட்டையே பார்த்தார். அதில் ஏதாவது எழுதியிருந்ததா என்று கேட்டார். அவருடைய அப்பா போரில் இப்படியொரு வண்டியை ஓட்டியவராம். இருக்கைக்குக் கீழே மனைவியின் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்தாராம். அந்த வண்டிதானா இது என்று பார்க்கப் பயந்துதான் மகன் தள்ளிப்போட்டிருக்கிறார்.

கிறீஸுக்குள் ஏதோ கோடுகளைப் பார்த்த ஞாபகம். எழுத்தா, கீறலா, நான் கவனிக்கவில்லை. ஒரு பெயர் இருந்தது என்று சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது. தெரியாது என்றேன். வெட்கமும் வேதனையுமாக நின்றேன்.

நகரின் ஓரம் புருசெத்தில் இருந்த எங்கள் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன்.

“மற்ற ஆக்களின்ரை சாமானை ஆரைக் கேட்டுத் தொட்டனீங்கள்?” என்றாள். இன்றைக்கும் எதையும் தேய்ப்பதற்கு முன் விளக்கைப் பிடித்து உற்றுப் பார்க்கிறேன்.

திங்கட்கிழமை அவரே என்னிடம் வந்தார்.

“இனி இது அப்பாவின் வண்டி இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது” என்றார்.

என்னைத் தேற்றத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். பனி கரைந்ததும் வண்டி ஓடத் தயாரானது. அவர் சாவியை என்னிடம் தந்து ஓட்டச் சொன்னார். நான் எவ்வளவோ கேட்டும், அந்த இருக்கையில் அவர் ஒருநாளும் உட்காரவில்லை.