குணம் வெட்டிய இரண்டு ஓட்டைகள்

குணரத்தினம் போய்விட்டார் என்று தொலைபேசியில் சொன்னபோது, கொக்குவில் பட்டறையில் ஒரு ஜெனரேற்றருக்குப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். முதலில் எனக்கு வந்தது துக்கமில்லை. இயந்திரச் சத்தத்தை அடக்கும் பெட்டி செய்ய இந்தப் பக்கத்தில் இனி நான் ஒருவன்தான் என்று நினைத்தேன். பிறகுதான் வேலையை நிறுத்தினேன். இந்த நினைவுக் குறிப்பை வாசிக்கும், அவரை அறிந்த உங்களிடம் இதை மறைத்து என்ன பயன்?

குணம் என்னைவிட இளையவர், எனக்குப் பின் தொழிலுக்கு வந்தவர். ஆனாலும் ஆட்கள் அவரைத்தான் தேடுவார்கள். எனக்கு வயிறு எரியும்.

இணுவிலில் மிளகாய்த்தூள் அரைக்கும் ஆலை ஒன்று. சத்தம் தாங்கவில்லை என்று பக்கத்து வீட்டுத் தவில்காரர் முறையிட்டிருந்தார். தவில்காரரே முறையிட்டால் யோசித்துப் பாருங்கள். நான் அந்த இயந்திரத்தை ஒரு துவாரமும் விடாமல் தகரப் பெட்டியால் மூடி, உள்ளே பஞ்சு அடைத்து, வெளியே என் பெயரையும் எழுதினேன். இரண்டாம் நாளே மோட்டார் சூடேறி நின்றுவிட்டது. முதலாளி எனக்குச் சொல்லாமல் குணத்தைக் கூப்பிட்டார்.

கேள்விப்பட்டு ஓடினேன். குணம் ஆலையில் இல்லை. தவில்காரர் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"மெசின் அங்கையெல்லோ இருக்குது?" என்றேன்.

"சத்தத்தாலை கஷ்டப்படுறவர் இஞ்சை இருக்கிறார், அண்ணை. மெசின் எங்கை ஓடிப்போகப்போகுது?"

பிறகு வந்து என் பெட்டியில் இரண்டு ஓட்டை வெட்டினார். எனக்கு நெஞ்சு கொதித்தது. ஓட்டையால் சத்தம் வராதா? அவரோ இரண்டிலும் பஞ்சு ஒட்டிய வளைந்த காற்றுக் குழாய்களைப் பொருத்தினார்.

"காத்துக்கு வளைஞ்சு வளைஞ்சு போகத் தெரியும், அண்ணை. சத்தத்துக்கு அவ்வளவு பொறுமை இல்லை."

மோட்டார் சூடேறவில்லை. ஆலை ஓடுகிறதா என்று தவில்காரர் எட்டிப் பார்த்தார். முதலாளி குணத்தைப் புகழத் தொடங்கினார்.

"பெட்டி அண்ணையின்ரை. நான் ஓட்டைதான் வெட்டினனான்" என்றார் குணம்.

அந்தப் பெருந்தன்மையையும் என்னால் பொறுக்க முடியவில்லை. ஆனால் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு ஆட்கள் கொண்டுவந்த வேலைகளையெல்லாம் ஏற்றுக்கொண்டேன். நீங்கள் செய்ததா என்று கேட்டவர்களிடம் "ஓம்" என்று மட்டும் சொன்னேன். குணம் ஒருநாளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இன்று சொல்கிறேன்: அந்த ஆலையை அமைதியாக்கியவர் குணம். நேற்றுப் போய் என் பெயருக்கு மேலே அவர் பெயரை எழுதிவிட்டு வந்தேன். அன்று வெட்டியெடுத்த தகரத் துண்டுகள் இரண்டையும் அவர் துடைத்து என் கையில் தந்திருந்தார். எறியத்தான் கொண்டுவந்தேன். இன்னும் பட்டறையில் இருக்கின்றன. இனி எறியமாட்டேன்.

இப்போதும் பொறாமைதான். குணத்தைப் பற்றி இப்படி எழுத நான் இருக்கிறேன். நான் போனால் எழுத, என்மேல் இவ்வளவு பொறாமைப்பட்டவர் ஒருவரும் இல்லை.