க்ளைவ் வீட்டுப் பச்சைத் தண்ணீர்

டவுன்ஸ்வில்லில் நோலீன் வீட்டுக்குப் போகிறவர்கள் எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டுதான் போவார்கள். அங்கே கொசு மருந்து அடிக்கக் கூடாது. அடித்தால் காற்றுப் பம்பு அதை இழுத்து மீன் தொட்டிக்குள் விடும், மீன் மல்லாந்துவிடும். அவள் மருமகன் ஒரு கிறிஸ்துமஸ் அன்று மறந்துபோய் அடித்துத் தொலைத்தான். அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் அவள் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வந்தவர்களைக் கொசு பிடுங்கினால் பிடுங்கட்டும், மீனுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்பது அவள் கட்சி.

பிழைப்புக்குப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினாள். கூச்சல் போடுகிற பிள்ளைகளைக் கண்ணாடியில் ஒரு முறை முறைத்தே அடக்குகிறவள். அதே நோலீன், தூண்கள்மேல் நிற்கும் தன் மரவீட்டின் அடியில் மீன்களுக்கு முன்னால் குனிந்தால் குரலே வெளியே வராது. துணி துவைக்கிற சிமெண்டுத் தொட்டிகளிலும் மீன்தான். துணியை மூட்டை கட்டி வெளியே கொண்டுபோய்த் துவைத்து வருவாள்.

அவளுடைய கனவெல்லாம் நூல்துடுப்பு மீன்மேல் இருந்தது. விரல் கணு அளவுதான் இருக்கும். ஆண் மீனின் துடுப்பிலிருந்து கறுப்பு நூல்கள் நீண்டு பின்னால் அலையும். முட்டைக்குக் குறைவில்லை, பச்சைக் கம்பளி நூலைக் குஞ்சமாகக் கட்டித் தொங்கவிட்டால் அதில் இட்டுவிடும். பொரிந்த குஞ்சைப் பிழைக்கவைப்பதுதான் பெரும்பாடு. அதன் வாய்க்கு ஊசி முனையே பூசணிக்காய். கடையில் விற்கிற தீவனத் தூள் எதுவும் உள்ளே போகாது. பச்சைப் பாசித் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் நீந்துகிற உயிர்கள்தான் அதற்குச் சோறு.

முதல் தடவை பொரித்தவை பட்டினியில் போயின. அடுத்த தடவை அவித்த முட்டையின் மஞ்சள் கருவைப் பழைய காலுறையில் வடிகட்டிக் கொடுத்தாள். தண்ணீர் நாறி, ஒரே பகலில் எல்லாம் போயிற்று. அன்று பேருந்தில் ஒரு பிள்ளையையும் அவள் முறைக்கவில்லை, பிள்ளைகளுக்கே பயமாகிவிட்டது. இந்த மூன்றாம் ஈடு முட்டையிட்டுவிட்டுத் தாய் மீனும் செத்துவிட்டது. அதனால் இது தப்பினால் உண்டு, இல்லையென்றால் ஒன்றுமில்லை. இந்த முறை முன்யோசனையோடு, கொல்லையில் வாளி வாளியாய்த் தண்ணீர் வைத்து, கீரை இலை கிள்ளிப் போட்டு, வெயிலில் பச்சையாக்கி வைத்திருந்தாள். பெரிய மீன்களுக்கென்று இன்னும் சில வாளிகளில் கொசுப்புழு நெளிந்தது.

இப்போது க்ளைவைச் சொல்ல வேண்டும். அடுத்த வீட்டுக்காரன், இறால் படகில் காலம் கழித்துவிட்டுக் கரையேறியவன். அவன் வீட்டு நீச்சல்குளத்தின் பம்பு போன வருஷத்துப் புயலில் படுத்தது, அவனும் கூடவே படுத்துவிட்டான். குளம் கீரை மசியல் நிறத்துக்கு வந்து, தேரைகள் குடியேறி, மாலையானால் கச்சேரி நடந்தது. எங்கள் தெருவில் பச்சைக் குளம் வைத்திருப்பது அழுக்குத் துணியோடு ஊர்வலம் போவதற்குச் சமம். நோலீன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, க்ளைவ் குளத்தில் கொசு உற்பத்தியாகிறது என்று நகராட்சிக்குப் போன் போட்டாள். தன் கொல்லையில் புழு வளர்க்கிறவள்தான் இந்தப் புகாரைச் சொன்னாள். சொல்லும்போது அவளுக்குச் சிரிப்புக்கூட வரவில்லை.

மழைக்காலம். டெங்கு பயம். புகார் போன சுருக்கில் ஆள் வந்துவிட்டது. அன்று காலைதான் முட்டைகளும் பொரிந்திருந்தன. நோலீன் சந்தோஷம் தாங்காமல் மாடிப்படியில் வந்து நின்றபோது, சீருடை போட்ட கெசியா என்ற பெண் க்ளைவ் வீட்டு வாசலில் அவனிடம் பேசிக்கொண்டிருந்தாள். அவன் வீட்டோடு நிறுத்தாமல், தெருவில் ஒரு கொல்லை விடாமல் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று அவள் சொன்னது நோலீன் காதில் விழுந்தது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். நோலீன் ஓடினாள். புழு வாளிகளைக் கவிழ்த்தாள். கவிழ்த்த வேகத்தில் பச்சை வாளிகளையும் ஒன்று விடாமல் கவிழ்த்தாள். கெசியா வந்து எட்டிப் பார்த்தபோது கொல்லை முழுக்க ஈரம், நோலீன் முழுக்க வியர்வை. அந்தப் பெண் வடக்கே கடலில் இருக்கிற தோரஸ் தீவுக்காரி, அந்தத் தீவு வழக்கப்படி பெரியவர்களை வாய் நிறைய ஆன்டி என்று கூப்பிடுகிறவள். புல்லில் பரவியிருந்த பச்சையைப் பார்த்ததுமே விஷயம் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இத ஏன் ஆன்டி கொட்டுனீங்க? மேல ஒரு வலையக் கட்டிருந்தா நான் ஒண்ணும் சொல்லிருக்க மாட்டேனே. எங்க மாமாவும் மீன் வளக்குறவருதான்."

நோலீனுக்கு அழுகை முட்டியது. புதுப் பச்சைத் தண்ணீர் ஆக ஒரு வாரமாவது வேண்டும். குஞ்சுகள் அதுவரை தாங்காது. கெசியா போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள். டெங்கு கொசு பெரிய குளத்தைத் தேடிப் போகாதாம், வாளியும் பூந்தொட்டித் தட்டும்தான் அதற்கு அரண்மனையாம். ஆனாலும் புகார் வந்துவிட்டதால், அடுத்து வருவதற்குள் க்ளைவ் ஒன்று குளோரின் போட வேண்டும், இல்லையென்றால் குளத்தில் மீன் விட வேண்டும்.

வேலிக்கு அந்தப் பக்கம் எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது. நோலீன் எட்டிப் பார்த்தாள். க்ளைவ் ஒரு குளோரின் டப்பாவை உருட்டிக்கொண்டு குளத்தை நோக்கிப் போனான். அந்தக் குளம் நிறைய இருந்தது அவள் குஞ்சுகளின் சோறு. காலி வாளி ஒன்றைத் தூக்கிக்கொண்டு, வேலியில் ஆடும் பலகையைத் தள்ளி அவள் உள்ளே நுழைந்தாள், பாவாடை கிழிந்ததுகூடத் தெரியவில்லை.

"க்ளைவ், அதக் கொட்டிராத."

அவன் மூடியைத் திருகியபடியே நிமிர்ந்தான். "ஏன் நோலி? கொட்டச் சொல்லி ஆள் அனுப்புனதே நீதான?"

"ஆமா, நான்தான் போன் போட்டேன். இப்ப எனக்கு அந்தத் தண்ணி வேணும்."

க்ளைவ் டப்பாமேலேயே உட்கார்ந்து சிரித்தான். "ஒரு வாளி போதுமா, இல்ல லாரி சொல்லவா?"

அவள் கையிலிருந்த வாளியை வாங்கி அவனே மொண்டான், அவனே தூக்கிக்கொண்டும் வந்தான். வீட்டின் அடியில் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு தொட்டியைப் பார்த்தவன், இதில் மீன் எங்கே, வெறும் தண்ணீர் அல்லவா இருக்கிறது என்றான். நோலீன் டார்ச் அடித்தாள். நீர்ப்பரப்புக்கு அடியில் இமைமயிர்த் துண்டுகள்போல் கோடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடிக் கண். காலுறையில் வடித்த பச்சைத் தண்ணீரை அவள் கரண்டியால் விட்டாள். சற்று நேரத்தில் கோடுகள் ஒவ்வொன்றாக வெடுக் வெடுக்கென்று கொத்தின. டன் கணக்கில் இறால் அள்ளிய க்ளைவ் மண்டி போட்டுத் தொட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டான்.

பிறகு கணக்கு பேசினான். "குளோரின் போடல. அப்ப அந்தப் பொண்ணு வர்றதுக்குள்ள குளத்துல மீன் கெடக்கணும்ல? இதுல பாதி எனக்கு."

தேரையும் குஞ்சைப் பிடித்துத் தின்கிற தும்பிப்புழுவும் இருக்கிற குளத்தில் தன் கண்மணிகளை விடுவதா என்று அவள் மறுத்துப் பார்த்தாள். வேறு வழியில்லை, தண்ணீர் அவனுடையது. குஞ்சுகள் கொஞ்சம் தேறட்டும், பிறகு தருகிறேன் என்றாள். தேறின. தினமும் பேருந்தை நிறுத்திவிட்டு நேரே வேலிப்பலகை வழியாகப் போய்த் தண்ணீர் மொண்டு வந்தாள். க்ளைவும் தேநீர் போட்டு வைத்துக் காத்திருந்தான். பங்கு பிரிக்கிற நாள் வந்ததும், சாகத்தானே போகிறது என்று நொண்டி, சோனி, முதுகு வளைந்தது, எல்லாவற்றையும் பொறுக்கி அவன் பங்கில் போட்டாள். வாட்டசாட்டமானவை தொட்டியிலேயே தங்கின. க்ளைவுக்கு அதெல்லாம் தெரியாது. ஏதோ புதையல் கிடைத்தவன்போல் ஐஸ்கிரீம் டப்பாவில் வாங்கிக்கொண்டு போய்க் குளத்தில் விட்டான். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

மழை ஓய்ந்து குளிர் தொடங்கியபோது மீன் வளர்ப்பவர்கள் சங்கத்தின் கூட்டம் வந்தது. ஆளுக்கொரு தட்டுப் பலகாரம் கொண்டுவருவதும், சொந்தமாகப் பொரிக்கவைத்த மீனைக் கொண்டுவந்து காட்டுவதும், சிறந்ததற்குக் கேடயம் கொடுப்பதும் அங்கே முறை. நூல்துடுப்பை வளர்த்தெடுத்தவர் என்று சங்கத்தில் யாருமே இல்லை. நோலீன் தலை வாரி, உதட்டுச்சாயம் பூசி, கண்ணாடித் தொட்டியில் தன் மீன்களோடு போனாள். எல்லாரும் கை தட்டினார்கள். அவள் காத்திருந்ததெல்லாம் அந்தச் சத்தத்துக்குத்தான்.

அப்போது இறால் சாண்ட்விச் தட்டு ஒரு கையிலும் ஐஸ்கிரீம் டப்பா மறு கையிலுமாகக் க்ளைவ் உள்ளே வந்தான். டப்பாவைத் திறந்து அவள் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தான். எல்லாரும் டப்பாவைச் சுற்றி நெருங்கினார்கள். அவள் மீனைவிட ஒன்றரை மடங்கு பெரிய மீன்கள். நெருப்புச் சிவப்பு வால், உடம்பையும் தாண்டிப் போகிற கறுப்பு நூல்கள். அவற்றில் ஒன்றுக்கு முதுகு வளைந்திருந்தது.

எப்படி வளர்த்தீர்கள் என்று தலைவர் கேட்டார்.

"நான் ஒண்ணுமே பண்ணலங்க," என்றான் க்ளைவ்.

கேடயம் அவனுக்குப் போயிற்று. நோலீனுக்கு முதலில் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை கரண்டி, எத்தனை வடிகட்டல், எத்தனை விடுப்பு. பிறகு அந்த வளைந்த முதுகு மீனைப் பார்த்தாள். அதைக் கழித்துக் கட்டியது அவள் கைதான். அது டப்பாவில் ராஜா மாதிரி சுற்றிவந்தது. சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியாமல் சாண்ட்விச்சை வாயில் அடைத்துக்கொண்டாள்.

மறுநாள் தன் தொட்டி மீன்களையெல்லாம் வாளியில் அள்ளிக்கொண்டு வேலிப்பலகையைத் தள்ளினாள். க்ளைவ் குளத்தோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான், பக்கத்து நாற்காலிமேல் கேடயம். அதை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு அவளுக்கு இடம் விட்டான்.

"நகராட்சிக்குப் போன் போடணுமா நோலி?"

"வாய மூடு, மீன் பயந்துரும்," என்றாள் நோலீன், வாளியை மெல்லச் சாய்த்தபடி.