வேரோடு சூடிய பச்சை

டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஓர் ஐரிஷ்காரர் இருந்தார். தினமும் காலையில் தன் பழைய பச்சைக் கோட்டை மடியில் விரித்துத் தூசி தட்டுவார். ஐரிஷ்காரர்கள் பச்சை அணிந்து கொண்டாடும் புனித பத்திரிசியார் திருநாளன்று அவருக்காகப் பச்சை பலூன்களும் பிளாஸ்டிக் தொப்பியும் வாங்கிப்போனேன். தடவிப் பார்த்துவிட்டு டேனிஷில் சொன்னார்:

“இதுகள் எனக்குப் பிறகும் கனகாலம் கிடக்கும். முற்றத்தில மூவிலைக் குளோவர்ச் செடி நிக்குது. இண்டைக்கு நாங்கள் சூடுறது அதைத்தான். ஒண்டை வேரோட கொண்டுவாரும்.”

வேரை ஈரத்துணியில் சுற்றிக் கோட்டில் குத்திவிட்டேன். பின்னேரம், அதைத் திரும்ப நடச் சொன்னார்.

குளிரில் மண்ணைக் கிளறும்போது, கூட வேலை செய்யும் பிள்ளை கேட்டாள்: “குப்பையில போட்டால் அவருக்குத் தெரியவே போகுது, அண்ணை?”

“யன்னலைப் பார், பிள்ளை. எழும்பி நிக்கிறார்.”

கோடைக்கு முன்பே அவர் காலமானார். முற்றமெங்கும் குளோவர், அவருடையது எதுவென்று தெரியவில்லை. பலூன்கள் இன்னும் என் மேசை லாச்சியில் கிடக்கின்றன.