அக்கா வீட்டுத் தெரு

என் அக்கா குடியிருக்கும் தெருவின் விரிசல்களை அடைக்காமல் விட்டவன் நான். மறந்துவிடவில்லை. தெரிந்தே, யோசித்தே விட்டேன். அக்காவின் கணவருக்கு வலது மணிக்கட்டு திரும்பாமல் போனதற்கு மழையைச் சொன்னார்கள், அவருடைய பழைய வண்டியைச் சொன்னார்கள். என்னை யாரும் சொல்லவில்லை.

நான் நகரச் சாலைகளைப் பராமரிக்கும் பொறியாளன். பாலமோ புதிய சாலையோ என் பொறுப்பில் இல்லை. ஆண்டுதோறும் எந்தெந்தத் தெருவின் விரிசல்களுக்குத் தார் ஊற்றுவது என்று முடிவு செய்வதே என் வேலை. உங்கள் தெருவிலும் கோணல்மாணலான கருப்புக் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். யார் ஊற்றியது என்று கேட்டிருக்க மாட்டீர்கள்.

விரிசல் நூலாக இருக்கும்போதே அடைத்துவிட வேண்டும். கோடை மழை ஒன்று பெய்து வெயிலடிக்கும் நேரத்தில் நடந்து போனால் போதும். சாலை காய்ந்துவிடும், விரிசல் மட்டும் ஈரம் காயாமல் கறுத்துக் கிடக்கும். அதைச் சாக்பீஸால் குறித்துக்கொள்வோம். ஐப்பசி மழைக்கு முன் தூசி தட்டித் தார் ஊற்றியாக வேண்டும். விட்டால் தண்ணீர் உள்ளே இறங்கி, அடியிலுள்ள ஜல்லியைக் கலைத்து, மேலே பள்ளம் விழும். இதை நான் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

பிறகு ஏன் விட்டேன்?

அதற்குச் சிதம்பரத்திலிருந்து தொடங்க வேண்டும். அங்கேதான் எனக்கு முதல் பணி. தேரோடும் வீதிகளை முதலில் முடிப்பது அவ்வூர் வழக்கம். அதில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அவற்றுக்கு அடுத்து என் மாமனார் வீட்டுத் தெருவை எடுத்தேன். உண்மையிலேயே அது மோசமாக இருந்தது. ஆனால் டீக்கடையில் என் காதுபடவே ஒருவர் சொன்னார்: "மாமியா வூட்டுக்கு வண்டி ஆடாம போவணும்ல, அதான் சார் தார் ஊத்துறாரு."

கடையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

மாற்றலாகிக் கடலூருக்கு வந்தபோது அந்தச் சிரிப்பும் கூடவே வந்தது. இது சொந்த ஊர். எந்தப் பக்கம் திரும்பினாலும் உறவுக்காரர்கள். ஸ்டெல்லா அக்காவின் வீடு மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்தது. மழை விட்ட ஒரு முற்பகலில் அந்தத் தெருவை நானே நடந்து பார்த்தேன். குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி மூடிய இடத்தில், தெருவின் நீளத்துக்கும் ஒரு விரிசல் ஓடியது. குனிந்து நானே குறித்தேன். அலுவலகத்துக்கு வந்ததும் அந்தத் தெருவை அடுத்த ஆண்டுக்குத் தள்ளினேன். அடுத்த ஆண்டும் தள்ளினேன். இதற்கு நேர்மை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

அக்கா ஒருமுறை கேட்டாள். "சுத்துவட்டாரம் பூரா ஊத்துறீங்க. எங்க தெரு மட்டும் என்னடா பாவம் பண்ணுச்சி?"

"மொற வர்றப்ப வரும்க்கா" என்றேன்.

மாமாவின் பெயர் ஆரோக்கியம். நெல்லிக்குப்பம் சாலையில் ஓர் ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். அவர் மாவை வீசுவதைப் பார்ப்பதற்கென்றே கல்லுக்கு எதிரே இடம் பிடித்து உட்காருவார்கள். இரண்டாம் முறை தள்ளிய அந்த ஆண்டு ஐப்பசியில் விரிசல் பள்ளமாகி, தண்ணீர் நின்று, பள்ளம் எது தெரு எது என்று தெரியாமல் போனது. வேலைக்குக் கிளம்பியவர் வீட்டைத் தாண்டியதும் வண்டியோடு விழுந்தார். கையை ஊன்றி விழுந்தார். எலும்பு கூடிவிட்டது, மாவை வீச மட்டும் அந்தக் கைக்கு வரவில்லை. இப்போது அதே ஓட்டலில் இலை போடுகிறார், தண்ணீர் வைக்கிறார். கல்லுக்கு முன்னால் வேறொருவர் நிற்கிறார்.

இத்தோடு முடிந்திருந்தால்... இதை எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்த கோடையில் மறுபடியும் தெருக்களைத் தேர்ந்தெடுக்கும் வேளை வந்தது. பள்ளங்களை ஒட்டுப்போட்டு, மிச்ச விரிசலை அடைத்திருக்கலாம். இப்போதாவது செய்திருப்பான் என்று நினைக்கிறீர்கள், இல்லையா? நானும் செய்யத்தான் உட்கார்ந்தேன். 'அக்கா புருஷன் விழுந்ததும் தார் வந்துடுச்சி பாரு' என்று ஊர் பேசுமே என்று தோன்றியது... மறுபடியும் தள்ளினேன்! ஒரு மனிதரின் பிழைப்பு கண்ணெதிரே போன பிறகும் என் பெயர்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்? வெட்கமாக இருக்கிறது.

கோயிலில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகாமலில்லை. கோபப்பட்டதைச் சொன்னேன், பொய் சொன்னதைச் சொன்னேன், செபத்தில் கவனம் சிதறியதைக்கூடச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. சொன்னால் சாமியார் மன்னித்துவிடுவார். மாமா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்தபோது, அந்தத் தெருக்காரர் ஒருவர் கோயில் வாசலில் என்னை மறித்தார். "இன்ஜினியர் சார், சொந்த அக்கா இருக்குற தெருவையே இப்டிப் போட்டு வச்சிருக்கீங்களே, நல்லாவா இருக்கு?"

மாமா குறுக்கே வந்தார்.

"அவர ஏன்யா கேக்குற? எங்க மச்சான் மத்தவனுங்க மாரி இல்ல. சொந்தக்காரன் இருக்கான்னு சலுகை காட்ட மாட்டாரு. நாங்க விழுந்து எழுந்தாலும் சரி, அவரு நாயமான ஆளு."

சொல்லிவிட்டுப் பெருமையோடு என் தோளில் கை போட்டார். இடது கையை.

தெருக்காரர் தலையாட்டிக்கொண்டு நகர்ந்தார். அக்கா மட்டும் நகராமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த வாசலில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"வெயிலா இருக்கு, வாங்க மாமா போலாம்" என்றேன்.