திரும்பி வந்த அரிச்சுவடி

பிள்ளைகளே, சிட்னியில் வில்லாவுட் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கிறேன். பக்கத்து வாங்கில் ஓர் அன்ரி அமர்ந்திருக்கிறார். தடுப்பு முகாமில் இருக்கும் மகனைப் பார்த்துவிட்டு வருகிறார். மடியில், நீங்கள் சனிக்கிழமை பள்ளிக்குக் கொண்டுபோகும் அதே தமிழ் அரிச்சுவடி.

"பேரப்பிள்ளைக்கோ, அன்ரி?"

"இல்லைத் தம்பி, மகனுக்கு. முப்பது வயசு. அடிபாட்டுக் கேஸில ரெண்டு வருசம் மறியல், சிறையில இருந்தவன். அது முடிஞ்ச அண்டைக்கே விசாவை ரத்துச் செய்து இஞ்ச கொண்டந்திட்டாங்கள். இனி இலங்கைக்கு அனுப்பப் போறாங்களாம். மூண்டு வயசில வந்தவன், தமிழ் வாசிக்கத் தெரியாது."

"சிட்டிசன்ஷிப் எடுக்கேல்லையோ?"

"நிரந்தரமா இருக்க பி.ஆர். விசாவே போதும் எண்டு விட்டிட்டம்."

தண்டனை முடிந்த பிறகும் தண்டனையா? யாரிடம் போய்க் கேட்பது?

"புத்தகத்தை ஏன் திருப்பிக் கொண்டுபோறியள்?"

"தொட மாட்டானாம், தம்பி. படிச்சால், போறதுக்குச் சம்மதம், ஓம் எண்டு சொன்ன மாதிரியாம்."