பலகைக்குக் கீழே

சித்தங்காய் என்ற தீவூரில் வீடுகள் கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும். வீட்டுக்கு வீடு போக ஒற்றைப் பலகைதான் தெரு. அங்கே பிள்ளைகள் ஓடப் பழகும் முன்பே நீந்திவிடும். சல்பியாவின் மகள் லைனாவுக்கு இரண்டு வயது முடிந்தும் நீச்சல் தெரியாது. தூணைப் பிடித்தால் நடப்பாள், விட்டால் உட்கார்ந்துவிடுவாள். பேச்சும் வரவில்லை. இடுப்பில் வலைக்கயிறு, அதன் மறுநுனி நடுத்தூணில். கயிறு எட்டும் தூரம்தான் அவள் உலகம்.

சல்பியா பயந்தாங்கொள்ளி அல்ல. சிறு வயதிலேயே தனியாகத் தோணி ஓட்டிப்போய்க் கடற்பாசி அறுத்தவள். ஆனால் மூத்தவன் அல்கான் பலகையிலிருந்து விழுந்தபோது நீர் வற்றிக் கிடந்தது. கீழே பாறை. அதன் பிறகுதான் இந்தக் கயிறு.

எதிர்வீட்டுப் புத்லிக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏன்டி, பிள்ளை வளக்கறியா, ஆடு வளக்கறியா? என் வீட்டுல உள்ளதுங்க சண்டை போட்டுக் கடிச்சுக்குதுங்க. உன் பொண்ணுக்குக் கடிக்கக்கூட ஆளில்ல."

"உன் பிள்ளை சாகலையே அக்கா."

புத்லி பலகை விளிம்புக்கு வந்து கீழே எட்டிப் பார்த்தாள். "தண்ணி ஏறி நிக்கும்போது விடுடி. விழுந்தா நனையும். கால் இப்பப் பழகலேன்னா எப்பப் பழகும்?"

அன்று பிற்பகல் கடல் ஏறியிருந்தது. எதிர்வீட்டில் பிள்ளைகள் சிப்பி உருட்டி விளையாடின. லைனா அந்தப் பக்கமாகக் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தாள். இடுப்பில் தோல் உரிந்தும் அழவில்லை. அவள் அழாததுதான் சல்பியாவைக் குத்தியது. முடிச்சை அவிழ்த்தாள். இன்றைக்குப் பிள்ளை விழுந்தால் தன் கை மறுபடி அதை அவிழ்க்காது என்று அவளுக்குத் தெரியும்.

லைனா பலகையில் தவழ்ந்தாள். கீழே மார்பளவு நீரில், ஏந்திய கைகளோடு சல்பியா கூடவே நகர்ந்தாள். எதிர்ப்பக்கம் புத்லி பொரித்த மீனைக் காட்டி, "வாடி ராசாத்தி, வா!" என்று கூப்பிட்டாள்.

பாதி வழியில் லைனா நின்றாள். விளிம்பில் தலையை நீட்டி அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு கைகளையும் நீட்டினாள். உடம்பு சாய்ந்தது. இருவருக்கும் நடுவே தூண்களைப் பிணைத்த குறுக்குக் கட்டைகள்.

"நீ தெரியற வரைக்கும் அது இங்க பாக்காதுடி! முங்கு!" என்று கத்தினாள் புத்லி.

முங்கினால் பிள்ளையைப் பார்க்க முடியாது. சல்பியா மூச்சை இழுத்து முங்கினாள்.

உள்ளே ஒரே பச்சைக் கலங்கல். மேலே நிழல் ஆடியது. குழந்தையா, அலையா? பலகையைத் தாங்கிய தூணைக் கட்டிக்கொண்டாள். அதன் வழியே லேசான அதிர்வு வந்தது. பிறகு அதுவும் நின்றது. நெஞ்சு வெடிக்கும்வரை பொறுத்து எழுந்தாள்.

பலகை காலியாக இருந்தது.

இரு பக்கமும் நீரைத் துழாவினாள்.

"அங்க என்னடி தேடறே? உன் பொண்ணு என் மீனையே காலி பண்ணிட்டா!"

லைனா புத்லியின் முழங்காலைப் பிடித்து நின்றிருந்தாள். வாயெல்லாம் எண்ணெய். சல்பியா அந்த வீட்டு ஏணியில் தடதடவென்று ஏறினாள். அதற்குள் லைனா முழங்காலை விட்டுவிட்டாள். ஓரடி வைத்தாள். தள்ளாடி இன்னோரடி. பிள்ளைகள் நடுவே தொப்பென்று உட்கார்ந்து ஒருவன் கையிலிருந்த சிப்பியைப் பிடுங்கினாள்.

"எனக்கு!" என்றாள் லைனா, முதல் முதலாக.

அவன் அவள் முடியைப் பிடித்து இழுத்தான். லைனா வீடு அதிர அலறினாள்.

தூக்கப் போன சல்பியாவின் கையைப் புத்லி பிடித்துக்கொண்டாள். சல்பியா உதறவில்லை.