நைனா அணையை வெட்டிய நாள்

சுண்ணாம்பு வெள்ளையாக இருப்பதால் அதை எடுக்கிறவர்களும் வெள்ளையும் சள்ளையுமாக இருப்பார்கள் என்று மயிலாப்பூரில் சுவருக்கு வெள்ளையடித்துப் பார்த்தவர்கள் நினைத்திருக்கலாம். எங்கள் வீட்டில் வெள்ளை என்று சொல்லும்படி ஒரு வேட்டி இருந்ததில்லை. இருந்ததெல்லாம் அடையாற்றுச் சேற்றின் நிறத்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

மாம்பலத்து ஏரியைத் தூர்த்து வீடுகள் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. எங்கே பார்த்தாலும் சுண்ணாம்பு கேட்டார்கள். ஆறு கடலில் சேரும் இடத்துக்குச் சற்று மேலே, கரையோரச் சேற்றுக்கு அடியில், என்றைக்கோ செத்துப்போன சிப்பிகளின் ஓடுகள் ஒரு முழக் கனத்துக்குப் படிந்து கிடந்தன. அந்தக் கிளிஞ்சலைத் தோண்டி, கழுவி, கரியோடு மாற்றி மாற்றிக் காளவாயில் அடுக்கி எரித்தால் சுண்ணாம்பு. சொல்வதற்கு இவ்வளவுதான். செய்யும்போது தண்ணீர் குறுக்கே வரும்.

கடல் ஏறும்போது ஆறும் ஏறும். அதனால் பள்ளத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே களிமண்ணால் ஓர் அணை போட்டிருந்தோம். அணை போட்டாலும் அடியில் ஊறும். அம்மாவும் சித்தியும் ஆளுக்கொரு பக்கம் கயிற்றைப் பிடித்து, இறைகூடையால் நாள் முழுக்கத் தண்ணீரை வெளியே வீசிக்கொண்டிருப்பார்கள். உள்ளே நைனாவும் சித்தப்பாவும் வெட்டுவார்கள். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். கிளிஞ்சலை அலசி, கல்லும் மண்ணும் பொறுக்குவது என் வேலை. எனக்கு அப்போது எட்டு வயது. யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

அந்த வருஷம் ஆற்றோரத்துக் கிளிஞ்சல் தீர்ந்துகொண்டே வந்தது. மிச்சமிருந்த அடுக்கு, மேட்டுக் கரைக்கு அடியில் நுழைந்து போயிற்று. கரையின்மேல் எங்கள் குடிசைகளும், எல்லோரும் குடிக்கிற கிணறும் இருந்தன. நாங்கள் தோண்டத் தோண்டக் கிணற்றில் உப்புத் தட்ட ஆரம்பித்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் காலிக் குடத்தோடு வந்து நின்று திட்டினார்கள்.

அன்று காலை காளவாய் பாதி அடுக்கோடு நின்றது. மேகம் கட்டியிருந்தது. மழை பெய்து கரி நனைந்தால் எல்லாம் பாழ். சித்தப்பா கரைக்கு அடியில் குடைந்து எடுக்கலாம் என்றார்.

"கரைய தொடாத. மேல கெணறு கீது, மன்சன் கீறான்" என்றார் நைனா.

"ரெண்டு முழம் போனா பத்து கூடை வரும், அண்ணே. உனுக்கு எல்லாத்துக்கும் பயம்."

"பயந்தாங்கொள்ளின்னே வச்சிக்கோ. உள்ள பூந்து மண்ணு வுழுந்துதுன்னா அங்கியே கெட. நான் வந்து தோண்ட மாட்டேன். தண்ணிய வுட்டு மூடிட்டு போய்க்கினே இருப்பேன்."

கோபத்தில் சொன்னது. எனக்குத்தான் சொல்லுக்குச் சொல் மனத்தில் நின்றுவிட்டது.

நைனா காளவாயைப் பார்க்கப் போனதும் சித்தப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். குனிந்து கரைக்கு அடியில் நுழைந்தார். முதல் கூடை வந்தது. இரண்டாவது வந்தது. நல்ல கிளிஞ்சல், பொறுக்கவே வேண்டாம். "இன்னாடா, உங்க நைனா கண்ணுக்கு இது படலியா?" என்று உள்ளிருந்து சிரித்தார். மூன்றாவது கூடையை வெளியே தள்ளிவிட்டு நிமிர்ந்தபோது கரையின் விளிம்பு இடிந்து விழுந்தது.

பெரிய சத்தம் எதுவும் இல்லை. ஈரத்துணியைக் கல்லில் அறைந்தது போல ஒன்று. சித்தப்பா பள்ளத்தின் நடுவரைக்கும் தள்ளப்பட்டு, நின்ற நிலையில், இடுப்புக்கு மேல் மட்டும் தெரிந்தார். முகத்தில் ரத்தம் இல்லை. அவருக்கே புரியாமல் சுற்றுமுற்றும் பார்த்தார்.

அம்மா போட்ட கூச்சலில் நைனா ஓடிவந்தார். கையால் தோண்டினார். நீலக்களி அது, ஒரு கை அள்ளினால் இரண்டு கை வந்து மூடும். அக்குளில் கயிற்றைக் கட்டி மூவரும் இழுத்தார்கள். சித்தப்பா அலறிய அலறலில் சித்தி கயிற்றை விட்டுவிட்டாள்.

"இழுக்காத அண்ணே, இடுப்பு பிச்சிக்கும்!"

இதற்குள் ஆறு ஏற ஆரம்பித்துவிட்டது. கரை விழுந்த அதிர்வில் அணையில் விரல் நுழையும் அளவு வெடிப்பு. அம்மா களியை அப்ப அப்ப வேறொரு இடத்தில் கசிந்தது. நைனா அணைமேல் ஏறி நின்றார். ஆற்றைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார். வெளியே நின்ற தண்ணீரின் மட்டம் சித்தப்பாவின் நெஞ்சுக்கு நேராக இருந்தது. மறுபடி ஆற்றைப் பார்த்தார். பிறகு மண்வெட்டியை எடுத்து அணையை வெட்டினார்.

"மாமா! இன்னா பண்றே நீ?" என்று சித்தி கத்தினாள்.

எனக்குத் தெரியும் அவர் என்ன செய்கிறார் என்று. காலையில் சொன்னதைச் செய்கிறார். தண்ணீரை விட்டு மூடப் போகிறார். நான் ஓடிப்போய் மண்வெட்டிப் பிடியைப் பற்றித் தொங்கினேன். உதறினார். அவர் மணிக்கட்டைக் கடித்தேன். வாயில் உப்புக் கரித்தது. "வுடுடா!" என்று என்னைக் களியில் தள்ளிவிட்டு அடுத்த வெட்டு வெட்டினார். ஆறு உள்ளே இறங்கிற்று.

தண்ணீர் சித்தப்பாவின் தொப்புளை மூடியது. நெஞ்சுக்கு வந்தது. சித்தி பள்ளத்தில் குதித்து அவர் மோவாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். நைனாவும் குதித்தார். சித்தப்பாவின் தொடையை ஒட்டி ஒரு கழியைக் குத்திக் குத்தி ஆட்டினார்.

"காலை ஆட்றா! தண்ணி கீழ போவட்டும்! ஆட்டு!"

"ஆடலியே, அண்ணே."

"ஆட்றா நாயே!"

தண்ணீர் தொண்டைக்கு வந்தது. சித்தப்பா நைனாவையே பார்த்தார். அந்தப் பார்வைக்கு நைனாவால் பதில் பார்வை பார்க்க முடியவில்லை. குனிந்து கழியை ஆட்டிக்கொண்டே இருந்தார். கழியை ஒட்டிக் கொப்புளம் கொப்புளமாகக் காற்று மேலே வந்தது. களிக்குள் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

"வலது காலு வந்துட்ச்சி" என்றார் சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிட்டதைச் சொல்வது போல.

அம்மா மேலிருந்து கயிற்றை இழுத்தாள், கீழிருந்து அவர்கள் தள்ளினார்கள். மூன்றாவது இழுப்பில் மனிதர் வழுக்கிக்கொண்டு வெளியே வந்து கரையில் கவிழ்ந்தார். இரண்டு முறை வாந்தி எடுத்தார். பிறகு இடுப்பைத் தடவிப் பார்த்து, "கோவணம் உள்ளயே கீது. யாராவது எடுத்து தாங்களேன்" என்றார். சித்தி அவர் முதுகில் ஓங்கி அறைந்தாள். அறைந்துவிட்டுத் தன் முந்தானையைக் கிழித்து அவர்மேல் போட்டாள்.

சற்று நேரத்தில் பள்ளம் இருந்த இடத்தில் ஆறுதான் இருந்தது. அணையை அன்று வெட்டாமல் இருந்திருந்தால் ஆறு சித்தப்பாவின் தலைக்கு மேல் ஏறி வந்து உடைத்திருக்கும் என்று இப்போது என்னால் சொல்ல முடியும். இறுகிய களி தண்ணீர் புகுந்தால் பிடியை விடும் என்பதும் தெரியும். எத்தனையோ வருஷம் அதே சேற்றில் நின்றுதான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் சித்தப்பா சாகவில்லை என்பதுதான். ஆகவே நைனாவுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன். மறுநாளே மற்றப் பிள்ளைகளிடம் அதை, என் சுபாவத்துக்கு மாறாக, சத்தம் போட்டே சொன்னேன்.

ஆனால் அங்கே, கரையில் எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, சித்தி நைனாவிடம் கேட்டாள்.

"மாமா, தண்ணி வுட்டா வந்துடுவாருன்னு தெரிஞ்சிதான வெட்டுன?"

நைனா எழுந்தார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஆற்றோரம் போய் உட்கார்ந்து கழுவ ஆரம்பித்தார். தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று எனக்கு இருந்தது. மண்வெட்டி சுத்தமான பிறகும் கழுவிக்கொண்டிருந்தார். "போதும், தேஞ்சிடப் போவுது" என்று அம்மா போய்க் கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. தோள் இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. ஈரத்தில் நின்றதால் குளிர்கிறது போல என்று நினைத்தேன்.

எனக்கு வேறு கவலை இருந்தது. தண்ணீர்ச் சொம்பைக் கொட்டினால்கூட முதுகு சிவக்கிறாற்போல் அடிக்கிறவர் நைனா. நானோ அவரைக் கடித்திருக்கிறேன். நான் வீட்டுக்கு வந்ததும் பின்னாலேயே வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்தார். பல் பதிந்த அதே கையை என் தலைமேல் வைத்து, எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார். அடிப்பதற்கு மறந்துவிட்டார் என்று எனக்குத் தோன்றிற்று. அவருக்கு ஞாபகம் வருவதற்குள் தூங்கிவிட வேண்டும் என்று, பொழுது சாய்வதற்கு முன்பே கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.